சான் ஃபிரான்சிஸ்கோ டி யங் மியூசியத்தோட பழைய கோபுரக் கட்டடத்தை ஏன் இடிச்சாங்க? காப்பாத்தியிருக்க முடியாதா?

தபால்அட்டை_சேகரிப்பு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் வருவேன், எழுதறது இதான் முதல் தடவை.

எனக்குப் பழைய தபால் அட்டை சேர்க்கற பழக்கம் உண்டு. அதுல டி யங் மியூசியத்தோட கலர் அட்டை ஒண்ணு பல வருஷமா என்கிட்ட இருக்கு. நடுவுல ஒரு கோபுரம், வாசலைச் சுத்தி கொடியும் பூவும் உருவமுமா அடை அடையா சிற்ப வேலை, முன்னாடி ஒரு குளம், ரெண்டு பக்கமும் பனை மாதிரி உசந்த மரங்க. ஸ்பெயின் நாட்டு பாணின்னு அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்கு. போன மாசம் தம்பி வீட்டுக்கு அந்தப் பக்கம் போனப்ப, நேர்ல பார்த்தே ஆகணும்னு அவனை இழுத்துக்கிட்டு கோல்டன் கேட் பார்க்குக்குப் போனேன்.

போய் நின்னா கோபுரமும் இல்ல, சிற்பமும் இல்ல. பழுப்புக் கலர்ல செம்புத் தகடு போர்த்தின, நீட்டமா படுத்த மாதிரி ஒரு கட்டடம். ஒரு ஓரத்துல முறுக்கிவிட்ட மாதிரி ஒரு டவர். இது வேற இடமோன்னு நினைச்சு முழுசா ஒரு சுத்து சுத்தி வந்தேன். அப்புறம்தான் அந்தக் குளம் கண்ல பட்டுச்சு, குழல் ஊதற பையனும் அதைக் கேட்டுக்கிட்டு நிக்கற ரெண்டு மலைச் சிங்கமும். அட்டையிலயும் அதே குளம்தான். அட்டையைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டேன், மனசு கேக்கவே இல்ல.

1989 பூகம்பத்துல சேதமாச்சு, அதனால இடிச்சாங்கன்னு தம்பி சொன்னான். சரி, ஆனா அதே ஊர்ல சிட்டி ஹால் 1915-ல கட்டினது, பெரிய டோமோட இன்னும் கம்பீரமா நிக்குதே, அதையும் அதே பூகம்பம்தானே ஆட்டுச்சு? அதைக் காப்பாத்த முடிஞ்சவங்களால இதை ஏன் முடியல? இடிச்சே ஆகணும்னாலும் அதே முகப்பைத் திரும்பக் கட்டியிருக்கக் கூடாதா? அந்தக் காலத்துல அங்க இருந்தவங்க, கட்டடத் துறையில இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.


வளைகுடா_வாசி:

வணக்கம் நண்பரே. நான் 1997-ல இந்த ஊருக்கு வந்தவன், பழைய கட்டடத்தை நேர்ல பார்த்திருக்கேன், உள்ள போயும் இருக்கேன். உங்க அட்டையில இருக்கற மாதிரி அது அப்ப இல்லங்க. வெளிச்சுவர் சாய்ஞ்சிடக் கூடாதுன்னு இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்து நிப்பாட்டி வச்சிருந்தாங்க. முதல் தடவை பார்த்தப்ப ஏதோ ரிப்பேர் நடக்குது, ரெண்டு மாசத்துல எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன், மூணு வருஷம் கழிச்சும் அதே முட்டு அப்படியே இருந்துச்சு. 1989-ல மாலை 5:04-க்கு வந்த 6.9 அளவு நடுக்கம், மையம் இங்கிருந்து தெக்கால சாண்டா க்ரூஸ் மலையில, அவ்ளோ தூரத்துல இருந்தும் இந்தக் கதி.

நடுவுல என்ன நடந்துச்சுன்னா, நகரத்துக்குச் சொந்தமான மியூசியம்ங்கறதால பாண்ட், அதாவது நகரம் கடன் பத்திரம் போட்டு மக்கள் பணத்துல கட்டலாம்னு 1996-லயும் 1998-லயும் ஓட்டுக்கு விட்டாங்க. இந்த மாதிரி பாண்டுக்கு இங்க மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். ரெண்டு தடவையும் பாதிக்கு மேல ஆதரவு வந்துச்சு, ஆனா அந்த ரெண்டு பங்கைத் தொடல. ஜனங்க வேண்டாம்னு சொன்னாங்கன்னும் சொல்ல முடியாது, வேணும்னு சொன்னாங்கன்னும் சட்டப்படி எடுத்துக்க முடியாது, அப்படி ஒரு இழுபறி. மியூசியத்தையே டவுன்டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமான்னுகூட ஒரு பேச்சு ஓடுச்சு, அதுக்கும் பெரிய எதிர்ப்பு, பார்க்ல இருக்கணும்னு ஒரு கூட்டம், பார்க்ல கட்டடமே குறையணும்னு இன்னொரு கூட்டம், பூமிக்கு அடியில கார் நிறுத்தற இடம் கட்டறதுக்கு எதிரா வழக்கு, டவர் மரத்துக்கு மேல தெரியக் கூடாதுன்னு சண்டை. கடைசியில அறக்கட்டளைக்காரங்க தனியார்கிட்ட வசூல் பண்ணியே 200 மில்லியன் டாலருக்கு மேல சேர்த்தாங்க. 2000 டிசம்பர் கடைசியில பழசைப் பூட்டினாங்க, 2005 அக்டோபர்ல புதுசு திறந்துச்சு. சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக் அண்ட் டி மியூரான் டிசைன்.

ஒண்ணு சொல்லணும். திறந்த அன்னிக்கு நான் போனேன். செம்பு அப்ப புதுப் பாத்திரம் மாதிரி பளபளன்னு இருந்துச்சு, எனக்குச் சுத்தமா பிடிக்கல. பார்க்ல போர்க்கப்பல் வந்து நின்ன மாதிரி இருக்குன்னு நிறைய பேர் சொன்னாங்க, நானும் சொன்னேன். இப்ப அது கருத்துப் பழுத்து மரத்தோட மரமா நிக்குது, வாரத்துல ஒரு தடவையாவது அந்தப் பக்கமா நடந்துதான் வீட்டுக்குப் போறேன்.


அஸ்திவாரம்:

ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரா வேலை பார்க்கறேன், பூகம்பப் பாதுகாப்புதான் என் ஏரியா. அதனால கேள்வியோட நடுப்பகுதிக்கு மட்டும் பதில் சொல்றேன்.

முதல்ல உங்க தபால் அட்டை. அதுல சிற்ப வேலை முழுசா இருக்குன்னா அது 1949-க்கு முன்னாடி எடுத்த படமா இருக்கணும். ஏன்னா அந்த அலங்காரமெல்லாம் கல்லுல செதுக்கினது கிடையாது, அச்சுல வார்த்த காங்கிரீட், உள்ளே இரும்பு வச்சு சுவத்தோட மாட்டியிருந்தாங்க. கடல் ரொம்பப் பக்கம். பசிபிக்ல இருந்து வர்ற உப்புக்காத்து காங்கிரீட்டுக்குள்ள இறங்கி அந்த இரும்பைத் துருப்பிடிக்க வச்சிடுச்சு. துருப்பிடிச்ச இரும்பு ஊதும், முதல்ல இருந்ததைவிட பல மடங்கு இடம் கேக்கும், காங்கிரீட்டை உள்ளே இருந்தே தள்ளி வெடிக்க வைக்கும். நம்ம எல்லாருமே மொட்டை மாடி சீலிங்ல கம்பி தெரிய பேத்துக்கிட்டு விழுந்ததைப் பார்த்திருப்போம், அதே கதைதான், ஆனா இங்க விழறது தலைக்கு மேல முப்பது நாப்பது அடியில தொங்கற பூவும் சிலையும். ஆபத்துன்னு 1949-ல அத்தனையும் கழட்டி எடுத்துட்டாங்க. அதாவது வளைகுடா சார் இரும்பு முட்டோட பார்த்தது அம்பது வருஷமா மொட்டையா நின்ன கட்டடம். நீங்க தேடிப் போன முகம் பூகம்பத்துக்கு 40 வருஷம் முன்னாடியே போயிடுச்சு.

ரெண்டாவது, அது ஒரே கட்டடம் கிடையாது. 1919-ல ஒரு பகுதி, 1921-ல நடுப்பகுதியும் கோபுரமும், 1925-ல மேற்குச் சிறகு, 1966-ல ஆசியக் கலைக்காக இன்னொரு சிறகு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு எடை, ஒவ்வொரு காலத்து விதிப்படி கட்டினது. நிலம் ஆடும்போது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல ஆடும், சேர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கும். சிட்டி ஹால் அப்படி இல்ல, ஒரே திட்டமா ஸ்டீல் ஃப்ரேம்ல எழும்பினது. அதோட தூண்களை ஜாக்கியில தாங்கிப் பிடிச்சு, அடியில வெட்டி, நடுவுல ஐசொலேட்டரைச் செருகினாங்க, அதாவது நிலத்தோட ஆட்டம் மேல ஏறாம தடுக்கற ரப்பர் தாங்கி, 500-க்கும் மேல, 1999-ல வேலை முடிஞ்சுச்சு. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்த கட்டடத்துல அதைச் செய்யறது வேற லெவல் தலைவலி.

புது டி யங்கும் அதே தத்துவத்துலதான் நிக்குது. பேஸ் ஐசொலேஷன்னு சொல்வோம். குளத்துல தெப்பம் மிதக்கறதை நினைச்சுக்கோங்க, அலை வந்தா தெப்பம் மெதுவா ஆடிக் கொடுக்கும், கரை மாதிரி அடியை நேரா வாங்கிக்காது. இங்க ரப்பர் தாங்கிகளும் சறுக்குத் தட்டும் அடியில இருக்கு, ஆட்டத்தை அடக்க எண்ணெய் டேம்பர்கள் இருக்கு, மொத்தக் கட்டடமும் பக்கவாட்டுல 3 அடி வரைக்கும் நகரலாம். நகர்றதுக்கு இடம் வேணும்ல, அதுக்காகச் சுத்தி ஒரு இடைவெளி விட்டு மூடி வச்சிருக்காங்க.


தபால்அட்டை_சேகரிப்பு:

அண்ணா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே தோணல. அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன், தபால் முத்திரை 1938. நீங்க சொன்னது சரிதான். நான் இத்தனை நாளா 2000-க்கு அப்புறம் யாரோ இடிச்சாங்கன்னு கோவப்பட்டுக்கிட்டு இருந்த வாசல், என் அப்பா சின்னப் பையனா இருந்தப்பவே இல்லாம போயிடுச்சு.

ஆனா ஒரு சந்தேகம் போகல. சிற்பம் போச்சு சரி, கோபுரம் கடைசி வரைக்கும் நின்னுச்சுல்ல? அதை மட்டுமாவது?


சுண்ணாம்பு_செங்கல்:

நான் பழைய கட்டடங்களைப் பராமரிக்கற துறையில இருக்கேன். அஸ்திவாரம் சார் சொன்ன இன்ஜினியரிங்ல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா "கஷ்டம்"ங்கறதும் "முடியாது"ங்கறதும் ஒண்ணு கிடையாதுங்க, இதை என் வேலையில தினமும் பார்க்கறேன், இடிக்கணும்னு முதல்லயே மனசுல முடிவு பண்ணினவங்களுக்கு கஷ்டமெல்லாம் முடியாதுன்னு தெரியும்.

இதே ஊர்ல, இதே வருஷங்கள்ல நடந்த இன்னொண்ணைச் சொல்றேன். 1966-ல டி யங்கோட ஒட்டிக் கட்டின சிறகுன்னு சொன்னாங்கல்ல, அதுல இருந்தது ஏவரி பிரண்டேஜ்ங்கற சேகரிப்பாளர் கொடுத்த ஆசியக் கலைத் தொகுப்பு. அந்த மியூசியம் தனியா பிரிஞ்சு, சிட்டி ஹாலுக்கு எதிர்ல இருந்த 1917-ம் வருஷத்துப் பழைய மெயின் லைப்ரரிக் கட்டடத்துக்குப் போச்சு. அதுவும் பூகம்பத்துல அடிபட்ட கட்டடம்தான். இடிக்கல. பாரிஸ்ல ரயில் ஸ்டேஷனை ஓர்சே மியூசியமா மாத்தின கே அவுலென்டி அம்மாவைக் கூப்பிட்டு உள்ளுக்குள்ள மாத்தி, அடியில ஐசொலேட்டர் போட்டு, 2003-ல திறந்தாங்க. ஒரே கூரைக்கடியில இருந்த ரெண்டு மியூசியம், ஒண்ணு பழைய கட்டடத்தைத் தேடிப் போச்சு, இன்னொண்ணு பழைய கட்டடத்தை இடிச்சுது. டி யங் கட்டின அதே ஹெர்சாக் அண்ட் டி மியூரான்தான் லண்டன்ல பழைய மின் நிலையத்தை, அந்தப் புகைபோக்கியைக்கூடத் தொடாம, டேட் மாடர்ன் மியூசியமா மாத்தினவங்க. 2000-ல திறந்துச்சு. பழசோட வேலை செய்யத் தெரியாதவங்க இல்ல அவங்க, அவங்ககிட்ட அந்த வேலையைக் கேக்கல, அவ்ளோதான்.

அதே சமயம் ஒண்ணை மறைக்காம சொல்லணும். லைப்ரரியைக் காப்பாத்தினதுலயும் இழப்பு உண்டு. அதோட மாடிப்படி மேல கொட்டார்டோ பியாட்சோனி வரைஞ்ச பெரிய ஓவியங்கள் இருந்துச்சு, கலிஃபோர்னியாவோட நிலமும் கடலும், அந்தச் சுவருக்குன்னே 1930-கள்ல வரைஞ்சது. மியூசியமா மாத்தறப்ப அதை எடுத்தே ஆகணும்னாங்க, பெரிய போராட்டம் நடந்துச்சு, கடைசியில எடுத்துட்டாங்க. அது இப்ப எங்க இருக்கு தெரியுமா? புது டி யங்லதான், அதுக்குன்னு தனி அறை கட்டி வச்சிருக்காங்க. காப்பாத்தின கட்டடம் தன் ஓவியத்தைத் தொலைச்சுது, இடிச்சுக் கட்டின கட்டடம் அதுக்கு இடம் கொடுத்துது. இதை நினைக்கறப்பல்லாம் எனக்கு என் பக்கத்து நியாயம் கொஞ்சம் தடுமாறும்.

ஆனாலும் கோபுரம் விஷயத்துல தபால்அட்டை கேக்கறது நியாயம். சிற்பம் உதிர்ந்துபோன மொட்டைக் கோபுரமாவே இருந்தாலும், மூணு தலைமுறை பசங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு "அதோ மியூசியம்"னு காட்டின உருவம் அது. அதை உத்திரமோ தூணோ மாதிரி கணக்குப் போட்டு எடுத்துட முடியாது. அதை மட்டும் தனியா பலப்படுத்தி நடுவுல நிக்க வச்சு, சுத்தி செம்போ கண்ணாடியோ எதை வேணா கட்டியிருக்கலாம்னு இன்னிக்கும் நம்பறேன்.


வளைகுடா_வாசி:

சுண்ணாம்பு மேடம், நீங்க சொன்னதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கறேன். அந்த ஸ்பானிஷ் கோபுரமே ஒரு "புதுசு"தான். 1894-ல இங்க குளிர்காலக் கண்காட்சி நடந்துச்சு, அப்ப எகிப்து பாணியில கட்டின கலைக்கூடம்தான் 1895-ல முதல் மியூசியமாச்சு. பக்கத்துல இருக்கற ஜப்பானியத் தோட்டமும் அந்தக் கண்காட்சியில பிறந்ததுதான். 1906 பூகம்பம் அந்த எகிப்துக் கட்டடத்தையும் அடிச்சுது, ஒட்டுப் போட்டு ஓட்டினாங்க, பக்கத்துலயே ஸ்பானிஷ் கட்டடம் எழும்பினதும் ஆபத்துன்னு சொல்லி 1929-ல இடிச்சாங்க. அதுக்கும் அன்னிக்கு யாரோ கண் கலங்கியிருப்பாங்க இல்லையா. வெளியில இன்னும் ஸ்பிங்ஸ் சிலைங்க இருக்கு, தபால்அட்டை கவனிச்சீங்களான்னு தெரியல, அது அந்த முதல் கட்டடத்தோட ஞாபகம். மூணு கட்டடத்தையும் பார்த்திருச்சு அந்தச் சிலை.

இன்னொண்ணு, புதுக் கட்டடம் தரையில எடுத்துக்கற இடம் பழசைவிடக் குறைவு, கிட்டத்தட்ட ரெண்டு ஏக்கர் பார்க்குக்கே திரும்பக் கிடைச்சுது. பார்க்ல நடக்கறவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.


மாடிப்படி_அம்மா:

நான் கட்டடக் கலை தெரிஞ்சவ இல்லங்க, ரெண்டு பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை அங்க போறவ. வாசலுக்கு முன்னாடி முற்றம் மாதிரி இருக்குல்ல, அங்க தரைக் கல்லுல ஒரு விரிசல் ஓடும் பார்த்திருக்கீங்களா யாராவது? ரோட்டுப் பக்கத்துல ஆரம்பிச்சு வளைஞ்சு வளைஞ்சு வாசல் வரைக்கும் வரும். நடுநடுவுல உக்கார்றதுக்குப் பெரிய பாறை போட்டிருக்காங்க, விரிசல் அந்தப் பாறைக்குள்ளயும் ஏறி ரெண்டா பிளந்துக்கிட்டு இறங்கும்.

முதல் தடவை பார்த்தப்ப, இவ்ளோ காசு போட்டுக் கட்டிட்டு வாசல்லயே விட்டுச்சேன்னு நான் வருத்தப்பட்டேன். அப்புறம்தான் வாலன்டியர் ஒருத்தர் சொன்னார், அது ஆண்டி கோல்ட்ஸ்வொர்தின்னு ஒரு சிற்பியோட வேலை, வேணும்னே கல்லை உடைச்சு உடைச்சு பொருத்தினது, பூகம்பத்தை ஞாபகம் வச்சுக்கறதுக்குன்னு. என் சின்னவன் அந்த விரிசல்ல ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் வச்சு கடைசி வரைக்கும் நடப்பான், தடம் மாறினா திரும்ப ரோட்டுல இருந்து ஆரம்பிப்பான். விரல் நுழையற அளவுகூட இருக்காது, கண்ணை எடுத்தா தொலைஞ்சு போயிடும். எதுக்காகப் பழசு போச்சுன்னு வாசல்லயே எழுதி வச்ச மாதிரி இருக்கும் எனக்கு, அதைத் தாண்டாம யாரும் உள்ள போக முடியாது.


மெயின்_நதிக்கரை:

ஜெர்மனியில இருந்து எழுதறேன், ஒரே ஒரு உதாரணம். ஃபிராங்க்ஃபர்ட் நகர வரலாற்று மியூசியத்துக்கு 1972-ல பழைய சதுக்கத்துல காங்கிரீட்ல ஒரு கட்டடம் கட்டினாங்க, அன்னிக்கு அதுதான் நவீனம். 2011-ல அதை இடிச்சுட்டு, ரெண்டு பக்கம் சரிஞ்ச கூரையும் சிவப்பு மணற்கல்லுமா புதுசு கட்டி 2017-ல திறந்தாங்க. பக்கத்துல இருக்கற நூற்றாண்டுகள் பழைய ஸால்ஹாஃப் கட்டடத்தைப் பத்திரமா வச்சுக்கிட்டாங்க. ஊரே அந்தக் காங்கிரீட் போனதுல சந்தோஷப்பட்டுச்சு. ஆனா நான் படிக்க வந்தப்ப முதல் முதலா நுழைஞ்ச மியூசியம் அந்தக் காங்கிரீட்தான், எனக்கு அதோட படிக்கட்டு இன்னும் கனவுல வரும். எது "பழசு", எது காப்பாத்த வேண்டியதுங்கறது யாரு எந்த வயசுல பார்த்தாங்கங்கறதைப் பொறுத்தும் மாறுதுன்னு தோணுது.


தபால்அட்டை_சேகரிப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுண்ணாம்பு அக்கா, கோபுரத்தைப் பத்தி நீங்க சொன்னதுதான் என் மனசுலயும் இருக்கு, அது மாறல. ஆனா அந்தச் செம்பு மேல இருந்த கோவம் போயிடுச்சு. கிட்ட போய்ப் பார்த்தப்ப தகட்டுல பொத்தல் பொத்தலாவும் குழி குழியாவும் இருந்துச்சு, என்னன்னு புரியாம வந்துட்டேன். அது ஏன்னு யாருக்காவது தெரியுமா? அப்புறம் அது கடைசியில என்ன கலருக்குப் போகும்?


அஸ்திவாரம்:

மரத்தடியில நின்னு அண்ணாந்து பார்த்தா இலைக்கு நடுவுல வெளிச்சம் புள்ளி புள்ளியா விழும்ல, அந்த மாதிரி பார்க் மரங்களோட படத்தை எடுத்து, கம்ப்யூட்டர்ல மாத்தி, அதைப் பொத்தலாவும் குழியாவும் தகட்டுல இறக்கினது. 7,000-க்கும் மேல தகடு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. கான்சாஸ் சிட்டியில ஸானர்னு ஒரு கம்பெனி செஞ்சு அனுப்புச்சு. கலர் பழுப்புல இருந்து கருத்து, வருஷங்கள் போகப் போக பச்சைக்குப் போகும். அதே உப்புக்காத்துதான். பழைய கட்டடத்தோட இரும்பை எது தின்னுச்சோ அதுதான் இங்க செம்புக்கு மேல பச்சைப் படலமா படிஞ்சு உள்ளே இருக்கற செம்பைக் காப்பாத்தப் போகுது.

டவர் முறுக்கினதுக்கும் காரணம் இருக்கு. அடித்தளம் மியூசியத்தோட திசையில நிக்குது, 144 அடி உயரம் ஏற ஏறத் திரும்பி, உச்சி வெளியில இருக்கற நகரத் தெருக்களோட திசைக்கு வந்துடும். மேல ஏறி நின்னா தெருக்கள் நேரா உங்களைப் பார்த்து வர்ற மாதிரி தெரியும்.


வளைகுடா_வாசி:

தபால்அட்டை, அடுத்த தடவை வந்தா அந்த டவர் மேலயும் ஏறிடுங்க, பியாட்சோனி ஓவிய அறைக்கும் போங்க, ரெண்டுக்குமே நான் போனப்ப டிக்கெட் கேக்கல. அட்டையை மறக்காம கொண்டு வாங்க. குழல் ஊதற பையனோட குளத்துக்கு இந்தப் பக்கம் எங்க நின்னு அந்தப் படத்தை எடுத்திருப்பாங்கன்னு எனக்கு ஓரளவு தெரியும், சேர்ந்து தேடிப் பார்ப்போம்.